மாத்திப் போடுங்கன்னு சொல்றது ஈஸி, வாங்குறது யாரு?

ஒரே பயிரையே போடாதீங்க, மாத்தியும் கலந்தும் போடுங்கன்னு விவசாயிக்கு அட்வைஸ் பண்ணாத ஆளே இப்ப இல்ல. அட்வைஸ் தப்புன்னு சொல்லல, அத யாரு கிட்ட சொல்லணுமோ அந்த ஆளு வேறன்னுதான் எனக்குத் தோணுது.

விஷயம் சீரியஸ்தான். உணவுக்காக வளர்க்குற செடி வகை 6000 கிட்ட இருக்கு, ஆனா உலக மொத்த விளைச்சல்ல 66 சதவீதம் வெறும் 9 பயிர்தான்னு ஐநா உணவு வேளாண்மை அமைப்பு 2019 ரிப்போர்ட்ல சொல்லுது. அமெரிக்காவுல 1970-ல மக்காச்சோளத்துக்கு இலைக்கருகல்ங்கிற பூஞ்சை நோய் வந்து கிட்டத்தட்ட 15 சதவீதம் விளைச்சல் போச்சு. இதுல கொடுமை என்னன்னா விதை மூட்டைல ரகத்தோட பேரு வேற வேற, ஆனா பெரும்பாலான ரகத்துக்கு தாய் வழி ஒண்ணுதான், ஹைப்ரிட் விதை எடுக்க ஆண் பூ கிள்ளுற கூலி மிச்சம்னு கிட்டத்தட்ட எல்லா கம்பெனியும் அதே டெக்ஸஸ் சைட்டோபிளாசத்தையே (தாய்ச் செடி வழியா வர்ற, மகரந்தம் உண்டாகாம பண்ற செல் பகுதி) வச்சிருந்தாங்க, பூஞ்சைக்கு அது போதுமானதா இருந்துச்சு.

இதுக்கு நேர் எதிர் கதை சீனாவுல யுனான் மாகாணம். 1998, 99-ல குலை நோய் (இதுவும் பூஞ்சைதான்) ஈஸியா வர்ற உயரமான பசை நெல்ல (வேக வச்சா ஒட்டிக்கிற அரிசி ரகம்), நோய் தாங்குற குட்டை நெல் வரிசைகளுக்கு நடுவுல நட்டாங்க. தனியா நட்டதோட ஒப்பிட்டா பசை நெல்லுல குலை நோய் 94 சதவீதம் கம்மி, பூஞ்சைமருந்தே அடிக்க வேண்டியதில்லைங்கிற அளவுக்குப் போச்சு. எல்லாரும் இந்த நம்பரோட நிறுத்திடுறாங்க. எனக்கு முக்கியமாப் படுறது வேற, அந்தப் பசை நெல்லுக்கு ஏற்கனவே மார்க்கெட்ல நல்ல விலை இருந்துச்சு, அதான் விவசாயிங்க துணிஞ்சு நட்டாங்க.

நம்ம பேச்சுல விட்டுப்போறது இதுதான். கொள்முதல், பயிர்க் கடன், இன்சூரன்ஸ், அறுவடை மெஷின் எல்லாமே ஒரு பயிரச் சுத்தியே இருக்கும்போது ரெண்டாவது பயிர் போட்டவன் பத்து மூட்டைய வச்சுக்கிட்டு வியாபாரிக்காகக் காத்துக் கிடக்கணும். பயறு போட்டா வேர் முடிச்சு மூலமா தழைச்சத்து மண்ணுக்கு வரும், உண்மைதான், ஆனா அந்த லாபம் அடுத்த போகத்துலதான் தெரியும், கடன் தவணை அதுவரைக்கும் நிக்குமா? நிக்காது.

பிரேசில்ல 2009-ல ஒரு சட்டம் போட்டாங்க, பள்ளி உணவுக்குத் தர்ற மத்திய நிதியில குறைஞ்சது 30 சதவீதத்துக்கு சிறு குடும்ப விவசாயிங்க கிட்ட வாங்கணும்னு. பள்ளிக்கூட சமையலுக்கு தினம் ஒரே காய் போதாதுல்ல, அப்ப பலதும் விளைவிக்க ஒரு காரணம் கெடைக்குது. நூறு விழிப்புணர்வுக் கூட்டத்த விட இது மேல்னு நெனைக்கிறேன்.

மெஷின் பிரச்சனை மட்டும் பாக்கி. கலந்து போட்டா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நேரத்துல முத்தும், மெஷின இறக்க முடியாது. அதுக்கு பட்டை பட்டையா, மெஷின் அகலத்துக்கு ஏத்த மாதிரி பிரிச்சுப் போடுற முறை இருக்கு, வரிசை வரிசையா கலக்குற அளவுக்குப் பலன் இல்லன்னாலும் ஓரளவு ஓடும். ஆனா அந்த ரெண்டு பட்டைக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் எழுதித் தர ஆளு வேணும்.