வழிகாட்டி இருந்தும் வழி இல்லை

நான் வசிக்கும் இங்கிலாந்து நகரில் அண்மையில் வரையப்பட்ட மிதிவண்டித் தடம், சாலையோரம் நிற்கும் கார்களின் ஓட்டுநர் பக்கக் கதவுகளை உரசியபடியே செல்கிறது. யாரேனும் பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்தால், மிதிவண்டியில் வருபவர் அதன்மீது மோத வேண்டும் அல்லது பின்னால் வரும் பேருந்தின் முன் ஒதுங்க வேண்டும். பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் சந்திப்பை நெருங்கியதும் அந்த வெள்ளைக் கோடு சொல்லாமல் கொள்ளாமல் முடிந்துவிடுகிறது.

இதை அறியாமை என்று சொல்ல முடியாது. போக்குவரத்துத் துறை 2020 ஜூலையில் வெளியிட்ட எல்டிஎன் 1/20 என்னும் மிதிவண்டித் தட வடிவமைப்பு வழிகாட்டி, மிதிவண்டிகளைப் பாதசாரிகளாக அன்றி வாகனங்களாகவே கருத வேண்டும் என்கிறது, 2.8 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் கொண்ட வண்டியை மனத்தில் வைத்து வடிவமைக்கவும் சொல்கிறது. ஆயினும் எங்கள் பூங்கா வாயிலின் இரும்புத் தடுப்புகளுக்கிடையே, குழந்தைகளை அமர்த்திச் செல்லும் பெட்டி மிதிவண்டி நுழையாது. (தடுப்புகளுக்கு மட்டும் ஆண்டுதோறும் புதுப் பெயின்ட் தவறுவதில்லை.)

வழிகாட்டி சட்டம் அன்று என்பதும், உள்ளூர்ச் சாலைகள் தனித்தனி உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பில் இருப்பதும் ஒரு காரணம். பெரிய காரணம், கார் நிறுத்துமிடத்தைக் குறைக்க எவருக்கும் துணிவில்லாததுதான் என்பது என் கருத்து. மிஞ்சிய இடத்தில் தடம் போடப்படுகிறது; அஞ்சியவர்கள் அதில் வருவதில்லை; வராதவர்களை யாரும் எண்ணுவதுமில்லை. அந்தக் குறைந்த எண்ணிக்கையே, மிதிவண்டிக்கு இங்கே தேவையில்லை என்பதற்குச் சான்றாக அடுத்த திட்டத்தின்போது முன்வைக்கப்படுகிறது.