2,147,483,647: கையால் நிறுவப்பட்ட ஒரு பகா எண்

2-இன் 31-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் 2,147,483,647 கிடைக்கிறது. இது பகா எண் என்று கணிதவியலாளர் லியோனார்ட் ஆய்லர் 1772-இல் அறிவித்தார். 2024-இல் கண்டறியப்பட்ட, இதே வகையைச் சேர்ந்த (2-இன் ஓர் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்துக் கிடைக்கும்) மெர்சென் பகா எண்ணுக்கு 41,024,320 இலக்கங்கள் உண்டு. அதன் அருகே வெறும் பத்து இலக்கங்கள் கொண்ட இது சிறியதுதான். ஆயினும், பகா எண்களைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் எடுத்துக்கொள்வது இதைத்தான்.

இதைச் சோதிப்பது எப்படி என்று, மலேசியாவின் பட்டர்வொர்த்தில் என்னிடம் கணிதம் பயிலும் ஐந்தாம் படிவ மாணவர்களைக் கேட்டால், வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்கலாம் என்பார்கள். சரியான விடைதான், ஆனால் வர்க்கமூலம் 46,340-ஐத் தாண்டுவதால், ஏறக்குறைய 4,800 பகா எண்களால் வகுக்க வேண்டியிருக்கும். அடுக்கு பகா எண்ணாக இருப்பதும் போதாது: 2-இன் 11-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வரும் 2,047, 23-ஐ 89-ஆல் பெருக்கக் கிடைக்கும் பகு எண்.

ஆய்லர் வகுப்பதற்கு முன்பே வடிகட்டினார். ஒரு பகா எண் நம் எண்ணை மீதியின்றி வகுக்குமானால், 2-இன் 31-ஆம் அடுக்கை அதனால் வகுக்கும்போது மீதி 1 வரும். 31 பகா எண் என்பதால், ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி அந்த வகுஎண்ணைவிட ஒன்று குறைந்த எண் 31-இன் மடங்காக இருந்தே தீரும். வகுஎண் ஒற்றைப்படை ஆதலால், ஒன்று குறைந்த அந்த எண் இரட்டைப்படையாகி, 62-இன் மடங்காகவும் ஆகிவிடுகிறது. அடுத்த படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2-இன் 32-ஆம் அடுக்கு தரும் மீதி 2. அந்த அடுக்கோ 2-இன் 16-ஆம் அடுக்கின் வர்க்கம். ஆகவே அந்த வகுஎண்ணைப் பொறுத்தவரை 2 ஒரு வர்க்க மீதியாகிறது, அதாவது ஒரு வர்க்க எண்ணை வகுக்கும்போது வரும் மீதியாகிறது. அப்படியானால் வகுஎண்ணை 8-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7 மட்டுமே மீதியாக வர முடியும். இரு நிபந்தனைகளையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்க 1 அல்லது 63 மீதி தரும் எண்களே எஞ்சுகின்றன. 46,340-க்குள் அவை நானூறுகூட இல்லை. அவற்றுள்ளும் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். பொறுமையுள்ள ஒருவர் கையாலேயே முடித்துவிடலாம்.

32 பிட் கணினிகளில் குறியுடன் கூடிய முழு எண்ணின் உச்ச வரம்பும் இதுவே என்பதைப் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பொறியாளர்கள் அறிவார்கள். 1970-இன் தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணிவரும் அத்தகைய கடிகாரங்கள், மலேசிய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 11:14:07-க்கு இந்த எண்ணை எட்டும். ஆனால் அந்த வரம்புக்கும் பகாத்தன்மைக்கும் தொடர்பில்லை: 16 பிட்டின் வரம்பான 32,767 பகு எண்; 64 பிட்டின் வரம்போ 7-ஆல் வகுபடும்.

பகாத்தன்மை உண்மையிலேயே பயன்படும் இடம் வேறு. 1-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 16,807-ஆல் பெருக்கி, 2,147,483,647-ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொண்டே போனால், 1 முதல் 2,147,483,646 வரையுள்ள எல்லா எண்களும், ஒவ்வொன்றும் ஒரே முறை, ஒழுங்கு புலப்படாத வரிசையில் வந்த பிறகுதான் மீண்டும் 1 வரும். கணினிகளில் போலிச் சமவாய்ப்பு எண்களை (கணக்கிட்டுப் பெறப்பட்டாலும் குருட்டாம்போக்கில் வந்தவைபோல் தோன்றும் எண்களை) உருவாக்கப் பல ஆண்டுகள் இம்முறை பயன்பட்டது. வகுக்கும் எண் பகு எண்ணாக இருந்திருந்தால் இந்தச் சுற்று முழுமை பெற்றிருக்காது.