பியானோ வாசித்தவர் விழா நடத்தும்போது

பியானோ கலைஞர் இசைவிழா இயக்குநராவது மேற்கத்திய இசையில் புதிதில்லை. ரஷ்யப் பியானோ கலைஞர் ரிக்டர் 1964-இல் பிரான்ஸின் தூர் நகரத்துக்கு அருகே, 13-ஆம் நூற்றாண்டுத் தானியக் களஞ்சியம் ஒன்றில் விழா தொடங்கினார். ஜெர்மன் பியானோ கலைஞர் லார்ஸ் ஃபோக்ட் 1998-இல் ஜெர்மனியின் ஹைம்பாக்கில், நீர்மின் நிலையத்துக்குள்ளேயே மேடை போட்டார். அவர்களுக்கெல்லாம் இல்லாத தலைவலி புதுச்சேரியில் நமக்கு உண்டு: கடல் காற்று.

வாசித்துப் பழகியவர்கள் பெரும்பாலும் நிகழ்ச்சி நிரலில்தான் தொடங்குகிறார்கள். யார் வருவார், என்ன வாசிப்பார் என்று எழுதி முடித்துவிட்டுப் பியானோவைத் தேடுவார்கள். இங்கே அது சரிவராது. பியானோ, அது நிற்கப்போகும் ஹால், டியூனர் (பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர்) வரக்கூடிய நாட்கள், இந்த மூன்றையும் உறுதி செய்த பிறகுதான் கலைஞருக்குக் கடிதம் எழுத வேண்டும்.

நூற்றைம்பது பேர் உட்காரும் ஹாலுக்கு 186 முதல் 211 செ.மீ. வரை நீளமுள்ள கிராண்ட் (கம்பிகள் படுக்கைவாட்டில் இருக்கும் பியானோ) போதும். 274 செ.மீ. கான்செர்ட் கிராண்ட் சுமார் 480 கிலோ. அந்தச் சுமை முழுவதும் மூன்றே சக்கரங்களில் இறங்கும். பழைய பிரெஞ்சு வீடுகளில் மாடித்தளம் மர உத்திரத்தின் மேல் நிற்பது. எஞ்சினியர் பார்த்துச் சொல்லாமல் அங்கே ஏற்றாதீர்கள், தரைத்தளமே நல்லது. சக்கரத்துக்கு அடியில் கிண்ணமும் அகலமான பலகையும் வேண்டும்.

சென்னையிலிருந்து வாடகைக்கு எடுத்தால் ஈசிஆரில் ஏறக்குறைய 150 கி.மீ. முதலில் பெடல் கூட்டைக் கழற்றி, பிறகு இடப்பக்கக் காலை எடுத்து, நேரான நீளப்பக்கம் பலகையில் படியும்படி சாய்ப்பார்கள். மற்ற இரண்டு கால்கள் அதற்கப்புறம்தான். ஆறு பேர் இல்லாமல் தொடக்கூடாது. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள். அந்தப் பக்கம் ஹால் என்றால் மதியத்துக்குள் இறக்கிவிடுங்கள். பொங்கல் வாரத்தில் தேதி வைக்காதீர்கள், தூக்குவதற்கு ஆள் கிடைக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும். மிச்சமிருப்பது ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரைதான்.

இனி டியூனிங். பியானோவில் ஏறக்குறைய 230 கம்பிகள், அவற்றின் மொத்த இழுவிசை 18 டன்னுக்குப் பக்கம். ஈரம் ஏறினால் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் மர ஒலிப்பலகை உப்பி மேலே எழும்பும், கம்பி இறுகிச் சுருதி ஏறும். நடுஸ்தாயியில்தான் அது அதிகம். காற்று காய்ந்தால் இதற்கு நேர்மாறு. கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஏசி போடுவதைப் போல் கெடுதல் வேறில்லை. காலையில் சரிபார்த்த சுருதி முதல் பாட்டுக்குள்ளேயே கலைந்துவிடும். ஆகவே பியானோ உள்ளே வந்த நிமிடத்திலிருந்து கடைசி நாள்வரை ஏசி இரவும் பகலும் ஒரே அளவில் ஓட வேண்டும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஏசியையும் தாங்குமா என்று முன்பே கேளுங்கள். விளக்குகளுக்கு மட்டும் இணைத்து வைத்திருப்பார்கள். சாயங்காலக் காற்றுக்கு ஜன்னல் திறக்கும் பழக்கத்தை ஹால் ஊழியர்களிடம் தடுப்பதுதான் கஷ்டமான வேலை.

பியானோ இறங்கி ஒரு நாள் ஆறிய பிறகு முதல் டியூனிங், கச்சேரி நாள் காலையில் இரண்டாவது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம், முழு அமைதி. நாற்காலி இழுப்பதும் லைட் சோதிப்பதும் அந்த நேரத்தில் கூடாது. விழா அட்டவணையை இந்த நான்கு மணி நேரத்தைச் சுற்றித்தான் போட வேண்டும். இடைவேளையில் பதினைந்து நிமிடம் கலைந்த கம்பிகளை மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள். பார்டோக், புரோகோஃபீவ் மாதிரி ஓங்கி அடிக்கும் உருப்படிகளுக்குப் பின்னால் மொசார்ட் வைக்க வேண்டாம், கம்பி கலைந்திருப்பது அதில் பளிச்சென்று கேட்கும். வாசித்துப் பழகிய இயக்குநருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ஆனால் வரிசை போடும்போது மறந்துவிடுகிறார்கள். வாசிக்கும் கட்டை எழும்பாமல் ஒட்டிக்கொண்டால் டியூனர் வரும்வரை காத்திருங்கள். டபிள்யூடி-40 (துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே) அடித்தால் கதை முடிந்தது.

ஐரோப்பிய ஊதுகருவிக்காரர்கள் நடு 'ஏ' ஸ்வரத்தை 442 ஹெர்ட்ஸில் கேட்பார்கள். வழக்கமான 440-லிருந்து அது சுமார் 8 சென்ட் உயரம் (பியானோவில் பக்கத்துப் பக்கத்து இரண்டு கட்டைகளுக்கு இடையே 100 சென்ட்). அத்தனை கம்பிகளையும் ஏற்றினால் அன்றைக்கு நிலைக்காது. ஒரு மாதம் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

கர்நாடகக் குரலையும் பியானோவையும் ஒரே மேடையில் சேர்ப்பது இங்கே எல்லோருக்கும் வரும் ஆசை. பாடகர் சொல்லும் ஒரு கட்டை சுருதி பியானோவின் சி, ஐந்து கட்டை ஜி என்பதால் சுருதி பொருத்துவது எளிது; சுருதிப்பெட்டியைப் பியானோவுக்குச் சரிசெய்ய வேண்டும், பியானோவை அதற்கு அல்ல. சிக்கல் அந்தர காந்தாரத்தில் வரும். தம்புராவில் தானே எழும் காந்தாரம் ஸட்ஜத்திலிருந்து 386 சென்ட், பியானோவில் 400. பாடகர் அந்த ஸ்வரத்தில் நிற்கும்போது பியானோ அதைத் தொடாமல் இருப்பதே மேல்.

காகித வேலை சுருக்கமாக. டிக்கெட் 500 ரூபாய்வரை இருந்தால் ஜிஎஸ்டி இல்லை. இந்தியாவில் பதிப்புரிமை இசையமைப்பாளர் இறந்து 60 ஆண்டுவரை. ரவேல் (1937), பார்டோக் (1945) தடையில்லை, ஷோஸ்டகோவிச் (1975), மெசியான் (1992) என்றால் உரிமம் வாங்க வேண்டும். சம்பளம் வாங்கும் வெளிநாட்டுக் கலைஞர் சுற்றுலா விசாவில் வந்து வாசிக்கக் கூடாது. அவருக்குக் கொடுக்கும் தொகையில் வரி பிடித்தம் உண்டு, அதைப் பேரத்தின்போதே ஆடிட்டரிடம் கேட்டுச் சொல்லிவிடுங்கள். முற்றத்தில் மைக் வைத்தால் போலீஸ் அனுமதி, இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கிடையாது.

ஒரே பியானோவில் மூன்று பேர் வாசித்தால் ஆளுக்கு இரண்டு மணி நேரப் பயிற்சி, பின்னறையில் ஒரு அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும் சிறிய பியானோ), உயரம் மாற்றும் ஸ்டூல் இரண்டு. முதல் நாள் கச்சேரி முடிந்து கூட்டம் கலைந்ததும் வாட்ச்மேன் கரண்ட் மிச்சம் பிடிக்க ஏசியை அணைத்துவிடுவார். சுவிட்சின் மேல் தடித்த எழுத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள், இரவு ஒரு மணிக்கு ஒரு தடவை போன் போட்டும் கேளுங்கள்.