இடுப்பில் ஒரு அரைக் கிலோ

டெக்சஸில் கூட வேலை பார்க்கும் நண்பர், தினமும் சட்டைக்குள் மறைத்து எடுத்துப்போக ஒரு சின்ன துப்பாக்கி வாங்க வேண்டும் என்றார். துணைக்குப் போனேன். 2021 செப்டம்பர் முதல் அங்கே 21 வயது நிரம்பியவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி எடுத்துப்போகத் தனி உரிமம் தேவையில்லை. அதனால் கேள்வி, எதை வாங்குவது என்பது மட்டும்தான்.

இருப்பதிலேயே சின்னதைத்தான் முதலில் கையில் எடுத்தார். .380 என்ற ரகத் தோட்டா போடுவது, எடை கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. பேன்ட் பாக்கெட்டிலேயே அடங்கிவிடும். சரி, சுட்டுப் பார்க்கலாமே என்று பக்கத்து சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்தோம். இரண்டு மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) முடிவதற்குள் உள்ளங்கையைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். எடை குறையக் குறைய, சுடும்போது கையில் விழும் உதை கூடும். சுண்டுவிரலுக்குப் பிடியில் இடமும் இல்லை.

அப்புறம் 9 மி.மீ. தோட்டா போடும் துப்பாக்கிகள் பக்கம் போனோம். 2015இல் வந்த க்ளாக் 43இன் மேகசினில் 6 தோட்டா. 2018இல் வந்த சிக் சாவர் பி365 கிட்டத்தட்ட அதே உடம்பில் 10 தோட்டாவை அடக்கியது. காலியாக இருக்கும்போது சுமார் அரைக் கிலோ. தோட்டாக்களை இரட்டை வரிசையாக அடுக்கி, மேலே போகப்போக ஒற்றையாகக் குறுக்கியதுதான் சூட்சுமம். அதையே வாங்கினார்.

என்னைக் கேட்டால் துப்பாக்கியைவிட உறைக்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். ட்ரிகரை முழுசாக மூடாத துணி உறையை இடுப்பில் செருகுவதை நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது. கெட்டி பிளாஸ்டிக் உறை, தடித்த பெல்ட், வீட்டில் பையன் இருப்பதால் ஒரு பூட்டுப் பெட்டி. பில்லைப் பார்த்து அவர் மனைவி இன்னும் பேசவில்லையாம்.