கிரகப்பிரவேசத்துக்கு முன் வெட்டும் பள்ளம்

வீடு கட்ட வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக் குழாய் எவ்வளவு ஆழத்தில் போகிறது என்பதைத்தான். பூஜை அறை எந்த மூலையில், சமையலறை எந்தத் திசையில் என்று பேச வந்தவர்களுக்கு இந்தக் கேள்வி சப்பென்று இருக்கும். ஆனாலும் கேட்காமல் விடுவதில்லை. சென்னையின் தெற்குப் புறநகரில் தனி வீடுகளின் கட்டுமானத்தை மேற்பார்வை செய்கிறவன் நான். இதற்கு விடை தெரியாமல் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட எனக்கு மனம் வராது.

காரணம் வாட்டம், அதாவது குழாயின் சரிவுதான். கழிவுநீர் மோட்டார் இல்லாமல் தானாக ஓட வேண்டும். வீட்டுக்கு நாம் போடும் 110 மி.மீ. குழாய்க்கு 60க்கு 1 என்ற கணக்கில் இறக்கம் கொடுப்பது வழக்கம். பின்பக்கக் குளியலறையிலிருந்து தெரு மேன்ஹோல் வரை 12 மீட்டர் என்றால் 20 செ.மீ. இறக்கம் வேண்டும். அந்த உயரத்தைப் பிறகு எங்கிருந்தும் கடன் வாங்க முடியாது. தரைமட்டம் குறிக்கும் நாளிலேயே அதை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்த தெருக்களில் நிலைமை இன்னும் மோசம். பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலரே சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. அதற்கு முன் கட்டிய எத்தனையோ வீடுகளின் வாசல் இன்று தெருவை அண்ணாந்து பார்க்கிறது.

நடைமுறையில் எல்லாம் தலைகீழாகவே நடக்கிறது. டைல்ஸ் ஒட்டி, பெயின்ட் அடித்து, சுற்றுச்சுவர் எழுப்பி, போர்ட்டிகோவில் பேவர் கல் பதித்த பிறகுதான் இணைப்புகளின் நினைவு வருகிறது. மின்சாரத்துக்கு ஒருவர் தோண்டுவார், குடிநீருக்கு இன்னொருவர், இணையத்துக்கு மூன்றாமவர். ஒவ்வொரு முறையும் பேவர் கல் பெயர்கிறது. திரும்பப் பதித்தாலும் பழைய மட்டம் வருவதில்லை.

சுற்றுச்சுவருக்கு அடித்தளம் போடும் முன்பே எல்லாப் பாதைகளையும் ஒரே தாளில் வரைந்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கழிவுநீர் ஒரு பக்கம், ஆழத்தில். குடிநீர் எதிர்ப்பக்கம், அதைவிட மேலே. மின் கேபிள் 75 செ.மீ. ஆழத்தில் மணல் படுக்கையின் மேல்; அதன் மேல் மறுபடி மணல், செங்கல், எச்சரிக்கை நாடா. மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் கட்டாயம். அந்தக் குழி, கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் சேம்பர் தொட்டியை விட்டு நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். சுவருக்கும் போர்ட்டிகோவுக்கும் அடியில் இரண்டொரு காலி பிவிசி குழாய்களையும் புதைத்து வைக்கிறேன். மின்சாரக் கார் வாங்கும் நாளில் சார்ஜருக்கான கேபிள் அதன் வழியே போய்விடும்.

வீட்டு எல்லைக்குள் பள்ளம் ஆழமில்லை. தெருவில்தான் ஆபத்து. மேன்ஹோலோடு இணைக்குமிடத்தில் ஆள் உயரத்துக்கும் கீழே போக நேரும். மண்ணில் 1.5 மீட்டருக்கு மேல் வெட்டினால் பலகை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். “அரை மணி நேர வேலைதானே சார், எதற்குப் பலகை?” என்று மேஸ்திரி கேட்பார். ஈரமான மண் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும். இடுப்புவரை சரிந்தாலே ஆளை உயிரோடு இழுத்தெடுப்பது கடினம். வெட்டிய மண்ணையும் விளிம்பிலேயே குவிப்பார்கள். அந்தப் பாரமே பள்ளத்தின் பக்கச் சுவரைச் சரிக்கும். குறுகிய தெருவில் தள்ளிக் கொட்ட இடமில்லை என்றால் வண்டி வைத்து அப்புறப்படுத்தச் சொல்கிறேன். அந்த வாடகையைக் குறைக்கச் சொல்லும் உரிமையாளரிடம் மட்டும் நான் விட்டுக்கொடுத்துப் பேசுவதே கிடையாது. உள்ளே குனிந்திருப்பவர் அன்றாடக் கூலிக்கு வந்தவர். மேலே என்ன நடக்கிறதென்று அவருக்குத் தெரியாது.

அனுமதி வாங்குவதற்கும் ஒரு பருவம் உண்டு. வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் சாலை வெட்டுக்கு அனுமதி தருவதை மாநகராட்சி நிறுத்திவிடும். தை மாதம் குடிபோக நினைப்பவர் ஆடியிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது. கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக மின் இணைப்பின் கட்டணம் வீட்டுக் கட்டணத்தைவிட அதிகம். அதை மாற்றத் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் வீண் செலவு.

பள்ளத்தை மூடும் நாளில் நான் கட்டாயம் இருப்பேன். தண்ணீர் டியூப்பின் ஒரு முனையைக் கொத்தனார் சேம்பரில் பிடிக்க, மறுமுனையை உதவியாள் தெருப்பக்கம் பிடிப்பார். உள்ளே குமிழி நின்றால் கணக்குத் தப்பும் என்பதால் டியூப்பைச் சுண்டிச் சுண்டி விரட்டுவார்கள். தண்ணீர் ஆட்டம் அடங்கியதும் இரு பக்கமும் பென்சில் கோடு விழும். வாட்டம் சரியென்றால், சுவரிலிருந்து குழாய்வரை டேப் நீட்டி, அளவு தெரியும்படி படம் எடுக்கிறேன். பிறகுதான் மண். 15 செ.மீ. அளவுக்குப் பரப்பி, நீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து, அதன் பிறகே அடுத்த அடுக்கு. ஜேசிபியால் ஒரேயடியாகத் தள்ளி மூடிய பள்ளம் அடுத்த மழைக்கே உள்வாங்கிவிடும்.

அந்தப் படங்களையும் அளவுகளையும் ஒரு தாளில் அச்சிட்டு, மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டச் சொல்லி உரிமையாளரிடம் கொடுக்கிறேன். பத்திரத்தோடு சேர்த்துப் பீரோவில் பூட்டிவிட்டால், கடப்பாரையோடு வரும் பிளம்பரின் கண்ணில் அது படாது.