ஜே கே பி ஓ அரைப்புள்ளி

மூன்று வாரம் முன்னாடியே சொல்லிவிட்டார்கள். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் கருத்தரங்கு, கணினித் தமிழ் எழுத்துருக்கள் பற்றி நான் இருபது நிமிஷம் பேச வேண்டும். அந்த மூன்று வாரத்தில் நான் செய்த ஒரே தயாரிப்பு, எந்தச் சட்டை போடுவது என்று யோசித்தது.

முதல்நாள் ராத்திரி பத்தரைக்கு லேப்டாப்பைத் திறந்தேன். பன்னிரண்டு மணிக்கு முதல் ஸ்லைடின் பின்னணி நிறம் முடிவானது. "மயில்கழுத்து நல்லாருக்கா, வெறும் நீலமா?" என்று எழுப்பிக் கேட்டதற்கு வீட்டம்மா சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. 1999 தமிழ்நெட் மாநாடு, தமிழ்99 விசைப்பலகை, எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்கள், யூனிகோடை ஏற்ற 2010 தமிழக அரசாணை என்று கொஞ்சம் அடித்தேன். தூக்கம் சொக்கியது. 2005-ல் நானே எழுதிய கட்டுரை ஒன்று கிடந்தது. அதிலிருந்து அள்ளி ஆறு ஸ்லைடில் ஒட்டிவிட்டுப் படுத்தேன்.

காலையில் திருச்சியிலிருந்து பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்து மனசுக்குள் ஒத்திகை. மனசுக்குள் என்றுதான் நினைத்தேன். செங்கிப்பட்டி தாண்டும்போது பக்கத்து சீட்டுப் பெரியவர், "தம்பி, போனை மெதுவாப் பேசுங்க" என்றார். என் கையில் போனே இல்லை.

அரங்கத்துக் கணினியில் பென்டிரைவைச் செருகி ஓட்டிப் பார்த்தபோது நாற்பது நிமிஷம் மிச்சம். ஏழாவது ஸ்லைடில் 'தமிழ்' இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. பழைய கட்டுரை பாமினி என்கிற அந்தக்கால எழுத்துருவில் அடித்தது. பாமினி ஒரு வேஷம். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் முகம். எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். இதைத்தான் நான் அன்றைக்கு விளக்கிப் பேசுவதாக இருந்தது!

எழுத்துருவை ஏற்றலாம் என்றால் கணினி கடவுச்சொல் கேட்டது. கடவுச்சொல் தெரிந்தவர் லீவு. அவசரத்துக்கு அந்த ஸ்லைடுகளைப் போனில் படம் பிடித்துக்கொண்டு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். அங்கே டிடிபி அக்கா கல்யாணப் பத்திரிகை ஒன்றுக்கு 'நிகழும் மங்களகரமான' அடித்துக்கொண்டிருந்தார். போனை நீட்டி, "அக்கா, எழுத்தெல்லாம் கொழகொழன்னு ஆயிருச்சு" என்றேன்.

வாங்கிப் பார்த்தார்.

"நல்லாத்தானே சார் இருக்கு. 'தமிழ் எழுத்துருக்களின் வரலாறு.' அடுத்தது, 'பாமினியின் காலம் முடிந்துவிட்டது.'"

ஜே கே பி ஓ-வை, தினத்தந்தி வாசிப்பதுபோல வாசிக்கிறார். பல வருஷமாக அடித்த கை, கண்ணுக்கும் பழகிவிட்டதாம்.

"பாமினி காலம் முடிஞ்சுபோச்சுன்னு பாமினியிலயே அடிச்சிருக்கீங்க" என்றார். சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பென்டிரைவை அவர் கணினியில் போட்டதும் ஆறு ஸ்லைடும் அழகாகத் தமிழாகத் திறந்தன. "பிடிஎஃப் போட்டுத் தர்றேன் சார், எங்க வேணா திறக்கும்." பதினைந்து வருஷமாகக் கணினித் தமிழ் பேசுகிறவனுக்கு அது தோன்றவில்லை. நான் வெளியே போய் ஒரு டீயும் வடையும் முடித்து வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. இருபது ரூபாய். "ஒரேயொரு பிழை இருந்துச்சு, திருத்திட்டேன்" என்றார். ஒற்றுப்பிழையாக இருக்கும் என்று நன்றி சொல்லிவிட்டு ஓடினேன்.

பேச்சு நன்றாகவே போனது. வியர்த்ததைத் தவிரக் குறையில்லை. எட்டாவது ஸ்லைடு வந்தது. பேச்சு ஓட்டத்தில் சுவரைப் பார்த்து உரக்க வாசித்தேன்:

"பாமினியின் காலம் இன்னும் முடியவில்லை."