ஓடாத இடத்திலும் 'ரன்'

ஆங்கிலத்தில் மிக அதிகமான பொருள்களைத் தாங்கும் வினைச்சொல் எது என்று கேட்டால், நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த விடை 'செட்' என்பதுதான். 1989-இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு அந்த வினைக்கு 430 பொருள்களைப் பிரித்துக் காட்டியது. மூன்றாம் பதிப்புக்கான பணியில் 'ரன்' அதனை முந்திவிட்டது என்றும், வினையாக மட்டுமே அதற்கு 645 பொருள்கள் தேறின என்றும் 2011-இல் செய்தி வந்தது. மதுரையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு அந்த எண் கவலையையே தந்தது. நோட்டின் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஆங்கிலச் சொல், அந்தப் பக்கம் தமிழ்ப் பொருள் என்று எழுதி மனப்பாடம் செய்யும் பழக்கம் இத்தகைய சொல்லிடம் சிறிதும் செல்லாது.

'ரன்' என்றால் ஓடு என்று தொடங்குவதில் பிழையில்லை. ஓடுவதைக் கால்களின் வேகமாக மட்டும் காட்டிவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்வதுதான் பிழை. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளைச் சுற்றிவரும் தேர் விரைந்தா செல்கிறது? வடம் பிடித்து இழுக்க இழுக்க, முட்டுக்கட்டை போடப் போட, அசைந்து அசைந்துதான் வருகிறது. ஆயினும் அதனைத் தேரோட்டம் என்றே சொல்கிறோம். நிலையிலிருந்து புறப்பட்டது மீண்டும் நிலையை அடையும்வரை தன் தடத்தில் சென்றுகொண்டிருப்பதே அங்கு ஓட்டம். ஆங்கில வினையின் உயிரும் ஏறத்தாழ அதுவே. ஆறு, பேருந்து, இயந்திரம், திரைப்படம், கண்ணீர் எல்லாம் இரு மொழியிலும் ஓடுவது இதனால்தான்.

வகுப்பில் நான் அதிக நேரம் செலவிடுவது இரண்டு சொற்களும் பிரியும் இடங்களில். மதுரையிலிருந்து நத்தத்துக்குச் சாலை 'ரன்' ஆகிறது என்பது நல்ல ஆங்கிலம். தமிழில் சாலை ஓடாது, போகும். ஆனால் மரத்தின் வேர் ஓடும், சுவரில் விரிசல் ஓடும். ஒருவர் கடையை 'ரன்' செய்தால் நாம் அவர் கடையை நடத்துகிறார் என்கிறோம்; அதே கடையில் வியாபாரம் நன்றாக இருந்தால் கடை நன்றாக ஓடுகிறது என்கிறோம். உரிமையாளரை நடையிலும் கடையை ஓட்டத்திலும் வைத்த இந்தப் பாகுபாட்டை எண்ணும்போதெல்லாம் எனக்குத் தமிழ்மேல் பெருமிதம் எழும். தானே ஓடுவதையும் பிறிதொன்றை ஓட்டுவதையும் நாம் இரண்டு வினைகளாக வைத்திருக்கிறோம். ஆங்கிலமோ இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டு, வாக்கியத்தில் அடுத்து நிற்கும் சொல்லைப் பார்த்துப் புரிந்துகொள் என்கிறது. எதிர்த்திசையிலும் இடைவெளி உண்டு: 'கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை' என்பதை ஆங்கிலத்தில் சொல்ல 'ரன்' கைகொடுக்காது.

சாயத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் சுங்குடிச் சேலை எடுத்துக்கொண்டிருந்தபோது, உடன் வந்திருந்த என் மாணவி, சாயம் போகுமா என்று கேட்டாள். "மொத தண்ணிக்கு லேசா எறங்கும்மா. கல்லுப்பு போட்டு ஊற வச்சு, தனியா அலசுங்க, வெள்ளத் துணியோட போட்டா புடிச்சுக்கிரும்" என்றார் கடைக்காரர். வெளியே வந்ததும், ஆயத்த ஆடைகளின் உட்புறத்தில் தைத்திருக்கும் சிறு துணியில் 'கலர்ஸ் மே ரன்' என்று இருக்கிறதே, அதற்கும் இதுதான் பொருளா என்று அவளே கேட்டாள். இதுதான் பொருள். தண்ணீரில் சாயம் இறங்குவதும், துணியைவிட்டுப் போவதும், அடுத்த துணியில் பிடிப்பதும் தமிழுக்கு மூன்று வினைகள். ஆங்கிலத்துக்கு அந்த வழி முழுவதும் ஒரே ஓட்டம். அன்றைக்குப் பிறகு அவளுக்கு அந்தப் பொருளை நான் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

மாணவர்கள் உண்மையாகவே திகைக்கும் இடம், ஓட்டம் நின்றுபோனதையும் 'ரன்' என்றே ஆங்கிலம் சொல்லும் இடம். கிணறு வற்றினால் 'ரேன் டிரை'. அச்சத்தில் இரத்தம் உறைந்தால் 'ரேன் கோல்டு'. உறைந்த இரத்தம் எப்படி ஓடும் என்று ஒரு பையன் கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். இங்கே 'ரன்' ஓடுவதைக் குறிப்பதில்லை. ஓடிக்கொண்டிருந்த ஒன்று வந்து சேர்ந்த நிலையைக் குறிக்கிறது. நம் பக்கத்தில் வைகையைக் காட்டினால் போதும்: வெள்ளம் வந்தாலும் அதற்கு 'ரன்', மணல் தெரிந்தாலும் அதற்கு 'ரன்'.

'ரன்' தனக்குப் பின்னால் வரும் சிறு சொற்களுடன் சேரும் வடிவங்களைப் பட்டியலாகக் கொடுப்பதை நான் அறவே விட்டுவிட்டேன். 'ரன் இன்டு' என்பது பெரியார் பேருந்து நிலையத்தில் பழைய நண்பரை எதிர்பாராமல் பார்ப்பதாகவும், வண்டியைச் சுவரில் மோதுவதாகவும், செலவு இலட்சக்கணக்கில் போவதாகவும் இருக்கலாம். 'ரன் அவுட் ஆஃப்' என்பது வீட்டில் அரிசி தீர்ந்துபோவது. இவற்றை முழு வாக்கியமாகக் கேட்டுப் பழகுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. நம் ஊர்க் கண்டக்டர்கள் "ரன்னிங்ல ஏறாதப்பா" என்று அதட்டும் 'ரன்னிங்' மட்டும் நாம் உண்டாக்கிக்கொண்டது. அதை அப்படியே ஆங்கில வாக்கியத்தில் வைக்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தேர்தலில் ஆங்கிலம் பேசுவோருக்குள்ளேயே பிரிவு உண்டு. அமெரிக்காவில் வேட்பாளர் 'ரன்' செய்கிறார். பிரிட்டனில் அவர் நிற்கிறார், நம் வேட்பாளரைப் போலவே. மரபுத்தொடர்களில் எனக்கு மிகவும் பிடித்தது 'ரன் இன் தி ஃபேமிலி'. தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்த பாட்டுத் திறனை ஆங்கிலம் குடும்பத்தின் ஊடே ஓடவிடுகிறது. நாம் அது இரத்தத்திலேயே ஊறியது என்கிறோம். இந்தத் தொடரை மொழிபெயர்க்கச் சொன்னால் 'குடும்பத்தில் ஓடுகிறது' என்று எழுதும் மாணவரிடம், உங்கள் வீட்டில் பாட்டி இதை எப்படிச் சொல்வார் என்று மட்டும் கேட்பேன். பெரும்பாலும் 'ஊறியது' உடனே வந்துவிடும்.